முடிவு தெரிந்த பிறகும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பார்த்த தொலைக்காட்சித் தொடர்களைத் திரும்பப் பார்ப்பதும் வரிசைப்படுத்துவதும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். சீரியலைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டதாகக் காதில் விழுந்தது. அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ‘கோலங்கள்’ 2003 நவம்பரில் சன் டிவியில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 1533 பகுதிகள். விளம்பரம் போக ஒரு பகுதிக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 500 மணி நேரத்தைத் தாண்டுகிறது. இரண்டரை மணி நேர சினிமா 200 பார்த்ததற்குச் சமம். ஒரே குடும்பத்தின் கதையோடு 500 மணி நேரம் வாழ்ந்தவர்கள் நாம். அதைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் என்ன குறைந்துவிடும்?

நாவல் வந்தால் மதிப்புரை எழுதுகிறோம். சினிமா வந்த அன்றே மூன்றாவது காட்சிக்குள் விமர்சனம் வந்துவிடுகிறது. சீரியலுக்குக் கிடைப்பது வாராவாரம் வரும் டி.ஆர்.பி. எண் ஒன்றுதான். ஒரு வாரத்தில் எத்தனை வீட்டில் டிவி ஓடியது என்பதை அந்த எண் சொல்லும். பத்து வருடம் கழித்து அந்தத் தொடரை யாராவது தேடிப் பார்ப்பார்களா என்பது அதில் தெரியாது. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது படப்பிடிப்புகள் எல்லாம் நின்றன. தினத்தொடர்கள் கையிருப்பில் வைத்திருந்த பகுதிகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. சேனல்கள் பழைய பெட்டிகளைத் திறந்தன. தூர்தர்ஷன் 1987-இன் ‘ராமாயண்’ தொடரை எடுத்துப் போட்டது. சன் டிவி ‘மெட்டி ஒலி’யை மறுபடி ஒளிபரப்பியது. 2002-இல் அதைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள், அப்போது பிறக்காதவர்களும் பார்த்தார்கள். அதில் கணவன் மனைவியாக வரும் மாணிக்கமும் சரோவும் மீம் ஆனார்கள். திட்டமிட்டு யாரும் நடத்தாத ஒரு பெரிய சோதனை அது. கதை தெரிந்தும் ஜனங்கள் உட்கார்ந்தார்களா? உட்கார்ந்தார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் விழுவான், பாஞ்சாலி கூந்தலை முடிவாள் என்பது திடலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தேதான் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். என்ன நடக்கும் என்பதைவிட இன்றைக்கு இந்தக் கட்டியக்காரன், இந்தத் துச்சாதனன் எப்படி ஆடுகிறான் என்பதே அங்கே பேச்சு. கதையின் முடிவை யாராவது சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆகவே நான் வரிசைப்படுத்த எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. முடிவு தெரிந்த பிறகும் இந்தத் தொடர் என்னை உட்கார வைக்கிறதா? வைத்தால், எது வைக்கிறது? முதல் தடவை பார்த்ததை மட்டும் நம்பிப் பட்டியல் போட்டால் அது நம் வயதைக் காட்டும் பட்டியலாகவே முடியும். பத்து வயதில் பயந்தது, கல்யாணமான புதிதில் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தது, இவையெல்லாம் தானாக மேலே ஏறிக்கொள்ளும்.

முதலில் ‘விடாது கருப்பு’. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘விட்டு விடு கருப்பா’ நாவல், மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையின் இரண்டாவது கதையாக வந்தது. முதல் கதை ‘ரகசியம்’. 90-களின் பின்பாதி, வாரத்துக்கு ஒரு பகுதி. தப்புச் செய்தவனைக் கருப்பசாமி உடனே தண்டித்துவிடும் என்று நம்பும் ஒரு கிராமம். அங்கே சாவுகள் விழுகின்றன. சாமியா, மனிதனா? அந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைக் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிடப் பயந்துகொண்டு பார்த்தார்கள். வெள்ளைக் குதிரையும் குளம்படிச் சத்தமும் இன்றைக்கும் அவர்களுக்கு மறக்கவில்லை.

விடையைத் தெரிந்துகொண்டு திரும்பப் பார்க்கும்போது அந்தப் பயம் வருவதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கதை மேலே வருகிறது. கதை இரண்டு காலங்களில் மாறி மாறி நகர்கிறது: இன்றைய கிராமம், பல ஆண்டுகளுக்கு முந்தைய அதே கிராமம். பழைய காலத்தில் ஒரு சிறுவனும் கண்டிப்பான ஒரு பாட்டியும் இருக்கிறார்கள். முதல் தடவை பார்க்கையில் இந்தப் பழைய காலப் பகுதிகள் நமக்குத் தடங்கலாகப் பட்டன. சாவு என்னாயிற்று, அதைச் சொல்லுங்கள், இந்தப் பையன் கதை எதற்கு என்று அலுத்துக்கொண்டோம். முடிவு தெரிந்தபின் கண் அந்தச் சிறுவனை விட்டு நகர மாட்டேன் என்கிறது. பெரியவர்கள் அவன்மேல் சுமத்துகிற ஒவ்வொரு பயமும், அவன் வாயைத் திறக்காமல் விழுங்குகிற ஒவ்வொரு சொல்லும் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று நமக்குத் தெரியும். மர்மக் கதை என்று நினைத்தது ஒரு குழந்தைப் பருவத்தின் கதையாக மாறிவிடுகிறது. பார்க்காதவர்கள் இங்கே இருப்பார்கள், அதனால் இதற்குமேல் சொல்லப்போவதில்லை. ஒரே படைப்புக்குள் இப்படி இரண்டு கதைகள் இருப்பது எழுத்தாளரும் இயக்குநரும் சேர்ந்து உழைத்த உழைப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பாதி இந்தத் தொடரைப் பற்றியே இருந்தது நியாயம் என்று எனக்குப் பட்டது.

வாரத் தொடர் என்பதும் இதற்கு உதவியது. ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நாள். எழுதவும், போய் இடம் பார்க்கவும், வெளிச்சத்துக்குக் காத்திருக்கவும் நேரம் இருந்தது. இரவுக் காட்சியை உண்மையிலேயே இருட்டாக எடுக்கும் துணிச்சல் இருந்தது. அந்தத் துணிச்சல் பின்னாளில் வந்த தினத்தொடர்களில் ஏன் காணாமல் போனது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. திறமைக் குறைவு என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

தினத்தொடரின் பொருளாதாரம் வேறு. அந்தக் காலத்தில் நேரத்தைத் தயாரிப்பாளர் சேனலிடம் விலைக்கு எடுப்பார். அந்த அரை மணி நேரத்துக்குள் தனக்குக் கிடைக்கும் விளம்பர நொடிகளை விற்றுப் போட்ட பணத்தை எடுப்பார். தொடர் ஓடிக்கொண்டிருந்தால் நேரம் கையில் இருக்கும். தொடரை முடித்தால் அந்த நேரமும் கைவிட்டுப் போகலாம். நன்றாக ஓடுகிற கதையை யார் முடிப்பார்கள்? கதைக்கு இயற்கையான ஆயுள் 300 பகுதி என்றால் அது 800-க்கு இழுபடுவது இதனால்தான். வளசரவாக்கத்திலோ சாலிகிராமத்திலோ வாடகைக்கு எடுத்த ஒரு பங்களா. அதன் ஹாலில் ஒரு பக்கம் சம்பந்தி வீடு, மாடியில் இன்னொரு வீடு. நாளொன்றுக்கு இத்தனை காட்சி எடுத்தே ஆக வேண்டும். முகத்தை நெருக்கத்தில் எடுத்தால் விளக்கு வைப்பது சுலபம், பின்னணியும் தெரியாது. அந்தக் காலத்து 21 அங்குலப் பெட்டியில் முகம்தான் நன்றாகவும் தெரியும்.

இன்னொன்று, பார்க்கிறவர்களில் பெரும்பகுதி அடுப்படியில் நின்றபடி காதால் பார்த்தவர்கள். அவர்களுக்காக ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். “என்ன அபி, பாஸ்கர் வந்தாரா?” என்று பெயரோடு கூப்பிட்டே பேசுவார்கள். பெயர் காதில் விழாவிட்டால் சப்பாத்தி திரட்டிக்கொண்டிருப்பவருக்கு யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியாது. இதை மட்டமான எழுத்து என்று கேலி செய்தவர்களுக்கு உட்கார்ந்து பார்க்கும் வசதி இருந்தது.

இப்படிப்பட்ட ஒரு தினத்தொடரை இன்று யூடியூபில் ஐந்து பகுதியாகச் சேர்த்துப் பார்த்தால் அந்த இழுவை பல்லைக் காட்டுகிறது. ஒரு நாள் இடைவெளி மறைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. அறை விழுந்ததும் ஆறு முகங்களுக்குக் கேமரா போய் வருவதை மறுநாள் மாலை பார்க்கையில் பொறுத்துக்கொண்டோம். அடுத்த நிமிடமே மறுபடி பார்க்கையில் கை தானாகத் தள்ளிவிடுகிறது.

நீளம் எப்படி ஒரு நல்ல படைப்பைக் கெடுக்கிறது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1971-இல் அமெரிக்காவின் ஏபிசி சேனலுக்காக ‘டூயல்’ என்ற டிவி படம் எடுத்தார். சாலையில் கார் ஓட்டிப்போகும் ஒருவனை ஒரு பழைய லாரி துரத்துகிறது, அவ்வளவுதான் கதை. லாரிக்காரனின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் எடுத்து முடித்த படம், ஓடும் நேரம் 74 நிமிடம். அது பேர் வாங்கியதும் வெளிநாட்டுத் திரையரங்குகளில் போடுவதற்காகச் சில காட்சிகளைக் கூடுதலாக எடுத்து 90 நிமிடமாக்கினார்கள். அவன் மனைவிக்குப் போன் பேசுவது, பள்ளிக்கூடப் பேருந்து நின்றுபோவது, ரயில்வே கேட் எல்லாம் அப்படிச் சேர்ந்தவை. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அந்தப் போன் பேச்சு அவன் எப்படிப்பட்டவன் என்று விளக்குகிறது. விளக்கம் கிடைத்த அந்த இடத்தில் பயம் ஒரு பிடி தளர்கிறது. டிவிக்காக எடுத்த சின்ன வடிவம்தான் என் கணக்கில் உயர்ந்தது.

இனி ‘மெட்டி ஒலி’. திருமுருகன் இயக்கியது, கோபியாக அவரே நடித்தார். 2002 முதல் 2005 வரை 811 பகுதிகள். நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய முகப்புப் பாட்டு தொடருக்கு வெளியேயும் பிரபலமானது, அதற்கு ஆடிய சாந்தியும்தான். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம், அவர்களைக் கட்டிக்கொடுத்த வீடுகள். இதில் என்ன மர்மம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. திருப்பம் என்று பெரிதாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பப் பார்க்கையில் நிற்கிறது.

எதனால் என்று கேட்டால் டெல்லி குமாரின் உடம்பைக் காட்டுவேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குள் நுழையும்போது சிதம்பரத்தின் உடம்பு சுருங்குகிறது. உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காருகிறார், அதுவும் முழுசாக உட்காருவதில்லை. சம்பந்தியம்மா ராஜம் பேசப் பேச, பதில் சொல்ல வாய் வந்து, பின்பு மூடிக்கொள்கிறது. பெண் அடுப்படி வாசலில் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தான் ஒரு வார்த்தை கூடப் பேசிவிட்டால் ராத்திரி அவளுக்கு என்ன கிடைக்கும் என்றும் தெரியும். இந்தக் கணக்கு முழுவதையும் அவர் வசனம் இல்லாமல் நடித்துக் காட்டுகிறார். சாந்தி வில்லியம்ஸ் நடித்த ராஜத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கத்துகிற இடங்களைவிட, கத்தி முடித்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த வேலைக்குப் போகிற இடங்கள் பயங்கரமானவை. இந்த மாதிரி ஆட்களை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறோம்.

மாணிக்கமாக நடித்த சேத்தன் ‘விடாது கருப்பு’விலும் நடித்தவர்.  2023-இல் ‘விடுதலை’யில் சேத்தனைக் கொடூரமான போலீஸ் அதிகாரியாகப் பார்த்துவிட்டு, பின்னோக்கிப் போய் மாணிக்கத்தைப் பாருங்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகே மனைவியிடம் என்ன பேசுவது என்று முடிவு செய்கிற ஒருவனை அவர் அப்போதே எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார் என்று தெரியும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாணிக்கத்தின் மனைவி சரோ அடி வாங்குகிறாள், திரும்பத் திரும்ப வாங்குகிறாள். 2002-இல் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டோம். இன்று கூடவே உட்கார்ந்து பார்க்கும் மகள், “ஏன் இவ இன்னும் அங்கேயே இருக்கா?” என்று கேட்கிறாள். கேட்க வேண்டிய கேள்விதான். தொடர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பதில் தேடுவதைவிட அவள் பொறுமையை மெச்சுவதில் அதிக நேரம் செலவழித்தது. அறையும் ஓசையைப் பின்னணி இசையோடு அழகுபடுத்தியது. என் வரிசையில் ‘மெட்டி ஒலி’ முதலிடத்துக்கு வராமல் போனதற்கு நீளம் பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

திருமுருகன் பின்னாளில் ‘நாதஸ்வரம்’ எடுத்தார். 2014 மார்ச்சில் அதன் 1000-ஆவது பகுதியை காரைக்குடியிலிருந்து ஒரே ஷாட்டில் நேரடியாக ஒளிபரப்பி கின்னஸில் இடம் பிடித்தார். சாதனை பெரியதுதான். திரும்பப் பார்க்க நான் எடுப்பது என்னவோ சிதம்பரம் படி ஏறி வரும் அந்தப் பழைய பகுதிகளைத்தான்.

அந்த மகள் கேட்ட கேள்விக்கு இருபது வருடம் கழித்து ஒரு தொடர் பதில் சொல்ல முயன்றது. 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’. ‘கோலங்க’ளை இயக்கி, அதில் தொல்காப்பியனாக நடித்த அதே திருச்செல்வம்தான் இயக்குநர். நான்கு சகோதரர்கள், படித்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மருமகள்கள், மூத்தவன் ஆதிமுத்து குணசேகரன் போட்ட சட்டம். அப்பத்தாவாக பாம்பே ஞானம், அவர் பெயரில் 40 சதவீதப் பங்கு. சொத்தின் மேல் பெண்ணுக்கு உள்ள உரிமையை இவ்வளவு வெளிப்படையாகக் கதையின் நடுவில் வைத்த தினத்தொடர் அதற்கு முன் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அதில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். குணசேகரன் கெட்டவன். அவன் வாயிலிருந்து வருவதில் ஒரு வரிகூட நியாயமில்லை. ஆனால் அந்த ஆளின் பேச்சில் தென்மாவட்டத்து மூத்த ஆண்பிள்ளையின் ஓசை அப்படியே இருந்தது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவது, எதிரே இருப்பவரைப் பார்க்காமல் வெற்றிடத்தைப் பார்த்து முறையிடுவது, பிறகு சட்டென்று அந்த ‘ஏய் இந்தாம்மா’ போடுவது. ஜனங்கள் மருமகள்களின் பக்கம் நின்றுகொண்டே அவருக்காகக் காத்திருந்தார்கள். அந்த அதட்டல் மீமாகி ஊரெல்லாம் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒரு வீட்டுப் பெண்களை நடுங்கவைக்கிற குரல் அது. ஆனால் அவ்வளவு உண்மையாக ஒருவர் நடித்தால் அது நடக்கத்தான் செய்யும். 2023 செப்டம்பர் 8 காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மாரடைப்பால் காலமானார். பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார், நல்ல நடிகர், தன்னால் ஆனதைச் செய்தார். 2024 ஜூனில் தொடர் முடிந்தது. திரும்பப் பார்ப்பவர்கள் அந்தச் செப்டம்பரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும்தான்.

‘சித்தி’யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999 டிசம்பர் முதல் 2001 நவம்பர் வரை ஓடியது. ராதிகாவும் சிவகுமாரும் நடிக்க, சி.ஜே.பாஸ்கர் இயக்கினார். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று சினிமா பழக்கி வைத்திருந்ததைத் திருப்பிப் போட்டது. அதன் பிறகு வந்த எல்லாத் தினத்தொடருக்கும் இலக்கணம் அதில் இருக்கிறது. இலக்கணத்தை மதிக்கிறேன். திரும்ப எடுத்துப் பார்க்க மனம் அவ்வளவாகப் போவதில்லை.

‘கதை நேரம்’ வேறு வகை. பாலு மகேந்திரா சன் டிவிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளை எடுத்துச் செய்த 52 குறும்படங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள். மாலனின் ‘தப்புக் கணக்கு’ அவற்றில் ஒன்று. ஒரு வீடு, இரண்டு மூன்று பேர், ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம். சாதாரண நடுத்தர வீட்டு மதியத்தை, சுவரில் வெயில் நகர்வதை, தமிழ்த் தொலைக்காட்சியில் அவரைப்போல் காட்டியவர் வேறு யாரும் இல்லை. இதில் எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சில கதைகள் அவசரத்தில் எடுத்தவை என்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் எதையாவது ஒன்றைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் மூன்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இப்போது குப்பை என்று ஒதுக்கப்படும் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே இருக்கிற பலர் வீட்டில் ரகசியமாகப் பார்ப்பது அதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

‘நந்தினி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் சுந்தர்.சி. தயாரிப்பில் தமிழிலும் கன்னடத்திலும் சேர்த்து எடுத்த தொடர். பாம்பு இருக்கிறது, பேய் இருக்கிறது, பழிவாங்கல் இருக்கிறது. கிராஃபிக்ஸ் பாம்பு படமெடுக்கும்போது அதன் நிழல் தரையில் விழாது. அதற்கும் முன்னால், 90-களில் இந்தியிலிருந்து டப் செய்து தூர்தர்ஷனில் போட்ட ‘ஜுனூன்’. வினையை வாக்கியத்தின் முன்னால் தூக்கிப்போட்டு, “நான் வருவேன் நிச்சயமாக உன் வீட்டுக்கு” என்கிற பாணியில் எல்லோரும் பேசுவார்கள். அந்தத் தமிழுக்கே தொடரின் பெயர் வந்துவிட்டது. ‘மை டியர் பூதம்’ மூசாவைச் சொன்னால் இங்கே முப்பது வயதுக்காரர்கள் சிரிக்கிறார்கள், தெரிகிறது.

இவற்றை எல்லாம் ஒரே குப்பைத்தொட்டியில் போட எனக்கு மனமில்லை. தரம் குறைந்தது என்பதை நான் பட்ஜெட்டை வைத்தோ கிராஃபிக்ஸை வைத்தோ அளப்பதில்லை. என்ன தருவேன் என்று சொல்லிப் பார்வையாளரை உட்கார வைத்தாய், அதைக் கொடுத்தாயா? ‘நந்தினி’ பாம்பு தருவேன் என்றது, பாம்பு கொடுத்தது. ‘மை டியர் பூதம்’ குழந்தைகளுக்கு ஒரு பூதம் தருவேன் என்றது, மனசாரக் கொடுத்தது. தன் காலில் நிற்கும் ஒரு பெண், அவளுடைய கட்டுமான நிறுவனம், அப்பாவின் இன்னொரு குடும்பம் என்று அவ்வளவு அழகாகத் தொடங்கிய ‘கோலங்கள்’ என்ன செய்தது? பின் ஆண்டுகளில் வில்லன் ஆதியின் ஆட்கள் யாரையாவது கடத்துவதும், அபி தேடி அலைவதுமாக மாறிப்போனது. தேவயானி நடித்த அபி அதைவிட நல்ல கதைக்குத் தகுதியானவள். வங்கிக் கடனுக்கும் டெண்டருக்கும் அலைகிற ஒரு தமிழ்ப் பெண்ணை அதுவரை நாம் திரையில் பார்த்ததில்லை. அவளை வைத்துக்கொண்டு கடத்தல் கதை சொல்லியது, பாம்புக்கு நிழல் போடாததைவிட எனக்குப் பெரிய குற்றம்.

சரி, வரிசை. முதலில் ‘விடாது கருப்பு’. அடுத்து ‘கதை நேரம்’, 52 படங்களையும் சேர்த்து ஒன்றாக வைக்கிறேன். மூன்றாவது ‘மெட்டி ஒலி’யின் முன்பாதி. நான்காவது மாரிமுத்து இருந்த வரைக்கும் ‘எதிர்நீச்சல்’. ஐந்தாவதாக, ‘கோலங்கள்’ முதல் ஆண்டுக்கு மேலாக, ‘மை டியர் பூத’த்தை வைக்கிறேன். யாராவது சண்டைக்கு வந்தால் கூட்டம் முடிந்தபின் டீ குடித்துக்கொண்டே பேசலாம். ‘ரகசியம்’ எங்கே என்று கேட்பவர்களும் வரலாம், அது ஆறாவது.

பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்று நீங்களே கவனித்திருப்பீர்கள். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதிலிருந்து 1993-இல் சன் டிவி வரும் வரை பதினெட்டு வருடம். அதிலிருந்து ஒரு தொடரைக்கூட நான் வரிசையில் சேர்க்கவில்லை. காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்த ‘துப்பறியும் சாம்பு’ உண்டு, பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ உண்டு, செவ்வாய்க்கிழமை நாடகங்கள் உண்டு. அவற்றைப் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முழுசாகத் திரும்பப் பார்க்காமல் வரிசையில் வைத்தால் நான் போட்ட அளவுகோலையே நான் மீறியவன் ஆவேன். அங்குமிங்கும் துண்டு துண்டாகக் கிடைக்கிறது, முதலிலிருந்து கடைசி வரை கிடைப்பது அபூர்வம்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் வீட்டில் வி.சி.ஆர். வைத்திருந்தவர்கள் சில பேராவது இங்கே இருப்பீர்கள். கல்யாண காஸெட்டோடு சேர்த்து டிவியிலிருந்து பதிவு செய்த நாடகக் காஸெட்டும் பரணில் கிடக்கலாம். பழைய பொருள் வாங்குகிறவரிடம் போடுவதற்கு முன் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்தக் கருவியிலும் போட்டு ஓட்ட வேண்டாம், பூஞ்சை கருவியின் தலைக்கும் பரவும், நாடாவும் அறுந்துபோகும். ஈரம் படாத அலமாரியில் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். காஸெட்டை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைகள் பெரிய ஊர்களில் இன்னும் சில இருக்கின்றன, பூஞ்சையைச் சுத்தம் செய்யத் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நடுவில் வரும் விளம்பரத்தையும் செய்தியையும் வெட்டச் சொல்லாதீர்கள், அவையும் வேண்டும். மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி எழுதியிருந்தால் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் எண்ணை வட்டத்தின் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ‘சாம்பு’ ஒரு பகுதி கிடைத்தாலும் போதும், எந்த ஊராக இருந்தாலும் வந்து பார்க்கிறேன்.